உம்மாவுக்கு எத்தனை எழுத்து?

"உம்மா என்ற சொல்லில் எத்தனை எழுத்து?" என்று தரம் மூன்றில் படிக்கும் என் தங்கையிடம் கேட்டேன். உ, ம், மா என விரல் மடித்து எண்ணிவிட்டு, "மூணு" என்றாள். அதே கேள்வியை என் கணினியிடம் கேட்டேன். அது 15 என்றது.

இரண்டு விடைகளும் சரியானவை. அது எப்படி என்று தேடிப் போன வழியில்தான் நான் சி என்னும் செய்நிரல் மொழியை ஓரளவு கற்றுக்கொண்டேன். அதே வழியில், முகமறியாத பலர் சேர்ந்து ஆக்கிவரும் ஒரு மென்பொருளில் ஏழே ஏழு வரிகளை எழுதும் வாய்ப்பும் கிடைத்தது. அந்த ஏழு வரிகளின் கதையே இக்கட்டுரை. கணினி படிக்காத பெற்றோரும் இம்மலரை வாசிப்பார்கள் என்பதால், நிரல் வரிகளை அப்படியே தராமல் அவை செய்யும் வேலையைச் சொற்களில் விளக்குகிறேன்.

பைதனுக்கு அடியில் என்ன இருக்கிறது?

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகப் படிக்கும் எமக்குப் பைதன் மொழி கற்பிக்கப்படுகிறது. பைதன் கற்பதற்கு இலகுவானது. ஒரு நாள் வகுப்பில், "டீச்சர், பைதன எந்த மொழியில எழுதினாங்க?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. நாம பாவிக்கிற பைதன் சி மொழியில எழுதப்பட்டது" என்றார். அன்றிலிருந்து, நான் நிற்கும் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சியால் உருவாக்கப்பட்டது. யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை 1973இல் இம்மொழியில் மீண்டும் எழுதினார்கள். பிரையன் கெர்னிகனும் ரிச்சியும் சேர்ந்து எழுதிய சி மொழி நூல் 1978இல் வெளிவந்தது. புதிய மொழியைக் கற்பவர் முதல் நிரலாக உலகுக்கு ஒரு வணக்கம் சொல்லும் வழக்கம் பரவியதும் அந்நூலால்தான். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21ஆவது வயதில் லினக்ஸைத் தொடங்கியபோது அதையும் சியிலேயே எழுதினார். இன்று எம் வீடுகளில் இருக்கும் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளின் அடிப்பகுதியில் இயங்குவது லினக்ஸ்தான்.

இவையெல்லாம் மேலைநாட்டார் விடயங்கள் என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை. ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்துச் செய்யும் முறையைக் குறிக்கும் அல்கோரிதம் என்ற சொல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. நாம் எந்த நிரல் எழுதினாலும் அவர் பெயரை நிழலாகச் சுமந்துகொண்டே எழுதுகிறோம்.

இலக்கமிட்ட தட்டுகள்

காக்கா பாவித்து ஒதுக்கிவைத்த பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவிக்கொண்டேன். சி நிரலைக் கணினிக்குப் புரியும் இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளுக்குத் தொகுப்பி என்று பெயர். 1987இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட ஜிசிசி என்னும் தொகுப்பி இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே பழைய கணினியைத் தவிர வேறெதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

முதல் வாரம் முழுவதும் பிழைகள்தான். சியில் கூற்றுகளின் முடிவில் அரைப்புள்ளி இட வேண்டும். அதை மறந்தால் தொகுப்பி விடாது. சிலவேளை பிழை ஒரு வரியில் இருக்க, தொகுப்பி அடுத்த வரியைக் காட்டும். "கீழ பாக்காத, மேல பாரு" என்று காக்கா சொல்லித் தந்ததை ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். பிறகு நான் செய்த பிழைகளையெல்லாம் திகதியிட்டு அதே கொப்பியில் எழுதத் தொடங்கினேன். ஒரே பிழையை மூன்றாம் முறை செய்கிறேன் என்பதை அந்தக் கொப்பிதான் எனக்குக் காட்டித் தந்தது.

பைதன் மறைத்துவைக்கும் ஒன்றைச் சி வெளிப்படையாகக் காட்டுகிறது. அதுதான் நினைவகம். கணினியின் நினைவகத்தை மிக நீண்ட அலுமாரியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒவ்வொரு தட்டிலும் 0 முதல் 255 வரையான எண்களில் ஒன்றை மட்டுமே வைக்கலாம். ஒரு தட்டின் கொள்ளளவே ஒரு பைட். தட்டில் உள்ள பொருள் வேறு, தட்டின் இலக்கம் வேறு. அந்த இலக்கத்தை வைத்திருப்பதற்குச் சியில் சுட்டி என்று பெயர். சுட்டியைக் கண்டு மாணவர்கள் அஞ்சுவார்கள். வீடும் வீட்டு முகவரியும் ஒன்றல்ல என்று விளங்கிக்கொண்ட நாளில் என் அச்சம் பாதியாகக் குறைந்தது.

சி எம்மை முழுமையாக நம்பும் மொழி. எனக்குப் பத்துத் தட்டுகள் போதும் என்று சொல்லிவிட்டுப் பதினோராவது தட்டில் கை வைத்தால், பைதன் உடனே நிறுத்திக் கேட்கும். சி பெரும்பாலும் கேட்காது. எல்லையைப் பார்ப்பது எழுதுபவரின் பொறுப்பு. இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கிப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் 2014ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் குறைபாடு இப்படிப்பட்டதே. கேட்கப்பட்ட நீளம் உண்மையான நீளத்தைவிட அதிகமா என்று பார்க்கும் ஒரு சோதனை விடுபட்டிருந்தது. அதனால் சேவையகங்களின் நினைவகத்திலிருந்த இரகசியத் தரவுகள் வெளியே கசியும் நிலை ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகளாக அது வெளிச்சத்துக்கு வரவில்லை. உலகம் முழுவதும் பாவிக்கப்பட்ட மென்பொருளில் நடந்த இதை அறிந்தபோது, என் கொப்பியிலுள்ள பிழைகளைப் பார்த்து வெட்கப்படுவதை நிறுத்திக்கொண்டேன். எண்ணிப் பார்த்து எழுதுவதைக் கூட்டிக்கொண்டேன்.

சீட்டுக் கணக்கில் காணாமற்போன 'மா'

உம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் மாதச் சீட்டுப் பிடிக்கிறார்கள். 12 பேர், ஆளுக்கு மாதம் 5000 ரூபா. கணக்கு உம்மாவின் கொப்பியில் இருக்கிறது. விடுமுறையில், இந்தக் கணக்கை அழகான அட்டவணையாகத் திரையில் காட்டும் நிரலொன்றைச் சியில் எழுதினேன். பெயருக்கு 20 இடங்கள் ஒதுக்கினேன். பெயர் சிறிதானால் மிகுதியை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும். நீண்டுவிட்டால் 20உடன் வெட்ட வேண்டும். ஆங்கில எழுத்தில் பெயர்களைக் கொடுத்துப் பார்த்தேன். வரிசை இம்மியும் பிசகவில்லை. மகிழ்ச்சியோடு தமிழில் கொடுத்தேன். நிரல்கள் வளைந்து நெளிந்தன. 'பாத்திமா' என்ற பெயர் 'பாத்தி' என்று நின்று, அதன் பின்னே கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி தெரிந்தது.

எட்டிப் பார்த்த உம்மா, "மகள், 'மா'வக் காணல்லயே?" என்றார்.

எட்டு எழுத்துக்கூட இல்லாத பெயர் 20 இடங்களில் எப்படி அடங்காமற்போகும்? அப்போதுதான் சொல்லின் நீளத்தைக் கூறும் சி மொழியின் கட்டளையிடம் 'உம்மா'வைக் கொடுத்துப் பார்த்தேன். 15 என்ற விடை வந்தது.

காரணம் இதுதான். கணினி எழுத்துகளை எண்களாகவே வைத்திருக்கிறது. பழைய ஆஸ்கி முறையில் 128 குறிகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு அது போதும். உலக மொழிகள் அனைத்துக்கும் எண் வழங்க யுனிகோட் வந்தது. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. ஆனால் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என நாம் எண்ணும் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கப்படவில்லை. உயிரெழுத்துகளுக்கும், ஆய்தத்துக்கும், 'க', 'ம' போன்ற அகரமேறிய மெய்களுக்கும், புள்ளிக்கும், கால், கொம்பு போன்ற குறிகளுக்கும் மட்டுமே எண்கள் உள்ளன. எனவே கணினியின் கண்ணில் 'ம்' என்பது 'ம' என்ற எழுத்தும் புள்ளியும்; 'மா' என்பது 'ம' என்ற எழுத்தும் காலும். இப்படிப் பார்த்தால் 'உம்மா' ஐந்து குறிகளைக் கொண்டது: உ, ம, புள்ளி, ம, கால்.

இந்தக் குறிகளைத் தட்டுகளில் அடுக்கும் முறைக்கு யுடிஎஃப்-8 என்று பெயர். 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் இதை வடிவமைத்தார்கள். இம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்கள். உதாரணமாக, 'உ' என்பது 224, 174, 137 என மூன்று தட்டுகளில் அமர்கிறது. ஐந்து குறிகளை மூன்றால் பெருக்கினால் 15. சொல் முடிந்தது என்று காட்டச் சி இறுதியில் வைக்கும் பூச்சியத்தையும் சேர்த்தால், உம்மாவுக்கு 16 தட்டுகள் தேவை.

பாத்திமாவுக்கு எட்டுக் குறிகள், 24 பைட்கள். நான் 20இல் வெட்டச் சொன்னேன். ஆறு குறிகள் 18 பைட்களில் முடிந்தன. ஏழாவது குறியான 'ம'வின் மூன்று பைட்களில் இரண்டு மட்டும் உள்ளே வர, மூன்றாவது வெளியே நின்றுவிட்டது. முக்கால் எழுத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியாத திரை, கேள்விக்குறி போட்டது.

யுடிஎஃப்-8இல் ஓர் அழகு இருக்கிறது. குறியின் முதற் பைட்டையும் அதைத் தொடர்ந்து வரும் பைட்களையும் பார்த்தவுடன் பிரித்தறியலாம். தொடர் பைட்கள் எப்போதும் 128 முதல் 191 வரையான எண்களாகவே இருக்கும். ஆகவே வெட்டுமுன், வெளியே விடப்போகும் முதற் பைட்டைப் பார்க்க வேண்டும். அது தொடர் பைட் என்றால், ஓர் எழுத்தின் நடுவே கத்தி வைத்திருக்கிறோம் என்று பொருள். ஓர் அடி பின்னே வர வேண்டும். மீண்டும் பார்க்க வேண்டும். முதற் பைட் ஒன்று வரும்வரை இப்படியே செய்தால் போதும்.

கேட்க எளிது. ஆனால் எழுதியபோது என் நிரல் ஒரு முறைகூடப் பின்னே வரவில்லை. இரண்டு நாட்கள் தலையை உடைத்துக்கொண்ட பின், பைட்களை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தேன். 224 வர வேண்டிய இடத்தில் -32 என்று இருந்தது! என் கணினியில் சி, எழுத்துகளுக்கான தட்டை -128 முதல் 127 வரை என்று எடுத்துக்கொள்கிறது. 224இலிருந்து 256ஐக் கழித்தால் -32. மறை எண் எப்படி 128ஐவிடப் பெரிதாகும்? தட்டைக் குறியற்ற எண்ணாக வாசி என்று ஒரு சொல் சேர்த்தேன். பாத்தியோடு அட்டவணை சுத்தமாக நின்றது. கேள்விக்குறி மறைந்தது.

திறந்த கதவு

இதே வேலையை மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அறிய, பெயர்ப்பட்டியல்களை அட்டவணையாக்கும் ஒரு சிறிய திறந்த மூல மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். அதுவும் சியில் எழுதப்பட்டது. உம்மாவின் சீட்டுப் பட்டியலைக் கொடுத்தேன். அங்கேயும் அதே கறுப்புக் கேள்விக்குறி!

திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். கடையில் வாங்கும் வட்டிலப்பத்தைச் சாப்பிடலாம். செய்முறையை அவர்கள் தரமாட்டார்கள். இங்கே செய்முறையும் சேர்த்துத் தரப்படுகிறது. யாரும் பாவிக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குப் பகிரலாம். திருத்தம் ஒன்றை அனுப்பினால், அதைப் பராமரிப்பவர்கள் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியை, லினக்ஸைத் தொடங்கிய அதே டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கினார்.

குறையைக் கண்டேன். ஆனால் அதைச் சொல்லத் துணிவில்லை. சி கற்கத் தொடங்கி நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் ஆங்கிலமும் அவ்வளவு சிறப்பல்ல. பெரியவர்கள் கூடியிருக்கும் சபையில் சின்னப்பிள்ளை குரல் உயர்த்துவது போலிருந்தது. மூன்று நாட்கள் எழுதி எழுதி அழித்தேன். நான்காம் நாள் மூன்று வாக்கியங்கள் மட்டும் எழுதினேன். நான் செய்தது இது, எதிர்பார்த்தது இது, நடந்தது இது. கீழே பாத்திமா என்ற பெயரையும் ஒட்டினேன்.

மறுநாள் பதில் வந்தது. வேறொரு நாட்டில் இருக்கும் பராமரிப்பாளர் நன்றி கூறி எழுதியிருந்தார். தமக்குத் தமிழ் தெரியாது என்றும், இப்படி நடக்கும் என்று எண்ணியிருக்கவில்லை என்றும், நான் திருத்தி அனுப்ப விரும்பினால் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார்.

பிரித்துத் தைத்தல்

உற்சாகத்தில் அன்றிரவே திருத்தினேன். அதோடு நிற்காமல், கோப்பு முழுவதையும் எனக்குப் பிடித்த விதமாக இடைவெளி விட்டு அடுக்கி அனுப்பினேன். விடிந்து பார்த்தால், நான் அனுப்பியதன் கீழே மூன்று குறிப்புகள் இருந்தன. தேவையான வரிகளை மட்டும் மாற்றவும். முந்நூறு வரிகள் மாறியிருப்பதால் எது உண்மையான திருத்தம் என்று தெரியவில்லை என்றது முதலாவது. பழுதான தரவு வந்தால் பின்னே போகும் சுற்று, சொல்லின் தொடக்கத்தையும் தாண்டிப் போய்விடாதா என்று கேட்டது இரண்டாவது. இத்திருத்தம் சரி என்று காட்டும் சோதனை ஒன்றையும் சேர்க்கவும் என்றது மூன்றாவது.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எல்லாரும் பார்க்கும் இடத்தில் பிழை சொல்லிவிட்டார்களே என்று மடிக்கணினியை மூடிவைத்துவிட்டேன். அன்று பின்னேரம் உம்மா ஒரு கல்யாணச் சட்டையின் கைப்பகுதியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் இருபது வருடங்களாகத் தையல் செய்பவர்.

"பிழைச்சுப் போச்சா உம்மா?"

"ஓம் மகள். கொஞ்சம் இறுக்கமாப் போச்சு. பிரிச்சுத் தைக்கணும்."

"சட்டக்காரங்க ஏசினாங்களா?"

"ஏன் ஏசுற? போட்டுப் பாத்து எங்க இறுக்குது எண்டு சொன்னாங்க. சொல்லாம எடுத்துப் போயிருந்தாத்தான் பிழை."

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த மூன்று குறிப்புகளிலும் என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது மீண்டும் வாசித்தபோதுதான் தெரிந்தது. மூன்றும் நிரலைப் பற்றியவை. இரண்டாவது குறிப்பு, ஹார்ட்பிளீட் பற்றிப் படித்துவிட்டு நான் கொப்பியில் எழுதிய அதே எல்லைப் பாடம்! படித்தும் மறந்திருக்கிறேன்.

இம்முறை ஏழு வரிகளை மட்டும் மாற்றினேன். தொடக்கத்தைத் தாண்டாதபடி ஒரு சோதனை வைத்தேன். சோதனைக் கோப்பில் ஆறு தமிழ்ப் பெயர்களைக் கொடுத்தேன். நீளம் ஒன்றிலிருந்து முப்பதுவரை எங்கே வெட்டினாலும் முறிந்த எழுத்து வரக்கூடாது என்று எழுதினேன். ஐந்து நாட்களின் பின் அது ஏற்கப்பட்டது. உம்மாவிடம் காட்டினேன். "மாஷா அல்லாஹ், இது எல்லாருக்கும் போகுமா?" என்று கேட்டார். போகும் என்றேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். என் திருத்தம் முழுமையானதல்ல. அது பைட்களின் நடுவே வெட்டாது. ஆனால் 'மா'வில் 'ம'வை வைத்துக் காலை வெட்டிவிடலாம். 'ம்' இல் புள்ளியை மட்டும் இழக்கலாம். தமிழறிந்தவருக்கு அதுவும் பிழைதான். அதையும் ஒரு குறிப்பாக எழுதிவைத்திருக்கிறேன்.

இந்த அனுபவத்தில் நான் கண்ட முக்கியமான உண்மை ஒன்று. அந்தப் பராமரிப்பாளர் என்னைவிடப் பலமடங்கு சி அறிந்தவர். ஆனால் 'பாத்திமா' என்ற பெயர் முறிவதை அவரால் கண்டிருக்க முடியாது. சியில் நான் கற்றுக்குட்டி, தமிழில் அல்ல. தரம் ஒன்றிலிருந்து இலக்கண வகுப்பில் உயிர், மெய், உயிர்மெய் என்று படித்தது, கணினிக்குச் சம்பந்தமில்லாத பாடம் என்று நினைத்திருந்தேன். நான் கொண்டுபோய்க் கொடுத்தது அந்தப் பாடத்தைத்தான். கற்கத் தொடங்கியவரிடம் கொடுக்க எதுவும் இல்லை என்பது சரியல்ல. அவரவர் மொழி, ஊர், வீடு அறிந்த ஏதோ ஒன்று அவரவரிடம் இருக்கிறது.

பெயர் முறிவது சின்ன விடயமா?

ஒரு பெயரின் கடைசி எழுத்துக்காக இவ்வளவு பாடா என்று தோழி ஒருத்தி கேட்டாள். எங்களுடையது கிழக்குக் கரையோர ஊர். 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் 30,000க்கும் அதிகமானோரைக் கொண்டுபோன கடற்கோளை நான் பார்க்கவில்லை. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. பாடசாலைச் சுவரில் ஒட்டிய தாள்களில் பெயர்களை விரலால் தடவித் தடவித் தேடியதை உம்மா சொல்லியிருக்கிறார். ஒரே ஊரில் ஒரே பெயர் பலருக்கு. ஒரே பெயரை முகம்மது என்றும் முஹம்மது என்றும் எழுதியிருப்பார்கள். ஓரெழுத்து மாறினால், தேடுபவரின் விரல் அந்த வரியைக் கடந்து போய்விடும்.

அந்த அழிவின் பின் சில நாட்களுக்குள் எமது நாட்டுக் கணினித்துறைத் தொண்டர்கள் ஒன்றுகூடிச் சஹானா என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார்கள். சிங்களத்தில் சஹானா என்றால் நிவாரணம். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள், தேவைப்படும் உதவிகள் ஆகியவற்றைப் பதிவு செய்ய அது உதவியது. லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குத் துணைநின்றது. திறந்த மூலமாக வெளியிடப்பட்டதால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின் போதும் அது பாவிக்கப்பட்டது. சமூக நன்மைக்கான திட்டங்களுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது. எமது கண்ணீரில் பிறந்த ஒன்று, அயலாரின் கண்ணீரைத் துடைக்கவும் போயிருக்கிறது.

நான் எழுதிய ஏழு வரிகளைச் சஹானாவோடு ஒப்பிடவில்லை. ஒரு பெயர் பட்டியலில் முழுதாக நிற்பது சில வேளைகளில் எவ்வளவு பெரியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பெற்றோருக்கும் சகோதரிகளுக்கும்

"ஆரு மகள் அந்த ஆள்? என்ன கேக்கிறார்?" என்று வாப்பா முதல்நாளே கேட்டார். கேட்பது நியாயம். ஒளிக்காமல் முழு உரையாடலையும் வாசித்துக் காட்டினேன். எல்லாம் எவரும் பார்க்கக்கூடிய இடத்தில், நிரலைப் பற்றி மட்டுமே நடந்திருந்தது. "அப்ப கடைக் கணக்க நாலு பேருக்கு முன்னால பாக்குற மாதிரித்தான்" என்றார். பிறகு சில விதிகளை இருவரும் சேர்ந்து வகுத்தோம். படம் வேண்டாம். தொலைபேசி இலக்கம், பாடசாலைப் பெயர், ஊர் வேண்டாம். முழுப்பெயருக்குப் பதிலாக முதலெழுத்துகள். இதற்கென்றே வேறு மின்னஞ்சல். தனிப்பட்ட முறையில் பேச அழைத்தால் பதிலில்லை. கிட் வரலாற்றில் பதியும் பெயரும் மின்னஞ்சலும் பலருடைய கணினிகளுக்கும் பிரதியாகிவிடும். பிறகு அழிப்பது கடினம். ஆகவே முதல் வரியை அனுப்புமுன் இவற்றைத் தீர்மானிப்பது நல்லது. இந்த வேலையில் எவரும் என் முகத்தையோ, வயதையோ, சான்றிதழையோ கேட்கவில்லை. நிரல் சரியா என்று மட்டுமே பார்த்தார்கள்.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு என் சிறிய அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். வீட்டில் உண்மையாகவே தேவைப்படும் ஒரு சிறு வேலைக்கு நிரல் எழுதுங்கள். தொகுப்பி தரும் எச்சரிக்கைகளை ஒதுக்காமல் ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஒரு மென்பொருளுக்கு உதவ நினைத்தால், முதலில் அதைப் பாவியுங்கள். அதன் வழிகாட்டிக் குறிப்பை வாசியுங்கள். விளக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதும் பங்களிப்புத்தான். குறையொன்றைக் கண்டால் செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். மாற்றத்தைச் சிறிதாக வைத்திருங்கள். திருத்தச் சொன்னால் கோபிக்காமல் பிரித்துத் தையுங்கள். பரீட்சைக் காலத்தில் மடிக்கணினியை மூடிவையுங்கள். அது எங்கேயும் போகாது.

இப்போது, கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளைத் தனி எழுத்தாக எண்ணாத ஒரு நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'க்ஷ'வை ஓரெழுத்தாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தமிழ் டீச்சரிடம்தான் கேட்க வேண்டும். சென்ற வாரம் அந்த நிரலிடம் உம்மாவுக்கு எத்தனை எழுத்து என்று கேட்டேன். 3 என்றது. ஓடிப்போய்த் தங்கையிடம் காட்டினேன்.

"அதத்தானே நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.